பாட்டிலுக்குப் பின்னால் ஒரு முழங்கை

எங்கள் செண்ட் கம்பெனியில் மூக்கக்கா கையெழுத்துப் போடாமல் ஒரு பாட்டில்கூட வெளியே போகாது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி டெலிபோன் எடுப்பவர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் மூக்கக்காதான். இதில் கிண்டல் எதுவும் கிடையாது. கணக்கருக்குக் கண் எப்படியோ, அப்படி அவருக்கு மூக்கு.

நான் லேபிள் பகுதியைப் பார்த்துக்கொள்பவள். பதினேழு வருடமாக அக்காவின் அறைக்கு எதிர் மேசை. நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர், அதில் காகிதம் நீட்ட ஒரு சின்னத் திறப்பு. அந்தப் பக்கம் பேச்சே இருக்காது. இந்தப் பக்கம் நான் இருப்பதால் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது.

அந்த அறையில் திரைச்சீலை கிடையாது, மர நாற்காலி கிடையாது. துணியும் மரமும் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ஓர் எஃகு மேசை, ஒரு விளக்கு, ஒரு கண்ணாடிக் குவளை நிறைய வெள்ளைக் காகிதக் கீற்றுகள். கீற்றின் நுனியைச் செண்டில் தோய்ப்பார், இரண்டு முறை உதறுவார், மூக்கருகே கொண்டு போவார், கண்ணை மூடுவார். அக்கா வாசனைச் சோப்புப் போடுவதில்லை. மதியம் வரை வெங்காயம் தொடுவதில்லை. புது ஷாம்பு போட்டுக்கொண்டு அறை வாசலில் போய் நின்றால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வெளிய நில்லு. உன் தலை உனக்கு முன்னாடி உள்ள வருது" என்பார்.

ஒரு வாசனையிலிருந்து அடுத்த வாசனைக்குப் போவதற்குள் மூக்கைச் சுத்தமாக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முதலில் முகர்ந்தது இரண்டாவதிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெளியாட்கள் வந்தால் அதற்காக ஒரு கிண்ணத்தில் காப்பிக்கொட்டை வைப்போம். அக்கா அதைத் தொடமாட்டார். இடது சட்டைக் கையை மேலே சுருட்டி, கையை மடக்கி, முழங்கையின் உள்மடிப்பில் முகத்தைப் புதைத்து நாலு மூச்சு இழுப்பார்.

"காப்பிக்கொட்டையும் ஒரு வாசனைதானே? என் தோலு எனக்கு வாசனையே இல்ல. அங்கதான் பூஜ்யம் இருக்கு" என்று ஒருநாள் சொன்னார். அந்த உள்மடிப்பிலிருந்து முன்கை ஓரமாக ஒரு விரல் நீளத்துக்குப் பளபளப்பாக ஒரு சூட்டுத் தழும்பு உண்டு. என்ன என்று கேட்டேன். "பழசு" என்றார். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

அவருடைய கையெழுத்துக்கு இத்தனை மரியாதை வந்ததற்குக் காரணம் உண்டு. ரொம்ப வருடம் முன்னால், ரோஜாவே சேர்க்காத ஒரு சரக்கில் 'அசல் ரோஜா' என்று அச்சடித்து விற்று, கம்பெனி வசமாக மாட்டிக்கொண்டது. அன்றைக்குப் பெரிய முதலாளி ஒரு விதி போட்டார். நிறம், தெளிவு, வாசனை மூன்றோடு, பெட்டியில் என்ன வாசகம் அச்சடிக்கிறோமோ அதுவும் உண்மைதான் என்று மூக்கு கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவத்தின் நகல் என் மேசைக்கு வந்த பிறகுதான் நான் லேபிள் ஒட்டலாம். படிவம் கோப்பில் என்றைக்கும் இருக்கும், கிழிக்கக் கூடாது, திருத்தக் கூடாது.

பெரிய முதலாளி இப்போது படுக்கையில். கம்பெனி அவருடைய மருமகன் கையில். நாங்கள் மாப்பிள்ளை சார் என்போம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மனுஷர் காற்றையே கட்டி விற்றுவிடுவார், அவ்வளவு பேச்சு. அவர் போன வருடம் கொண்டுவந்த செண்டுதான் 'மூன்றாம் மணி'.

நகரத்தின் நடுவில் ஒரு காலத்தில் பெரிய நடன அரங்கம் ஒன்று இருந்தது. முதல் மணி அடித்தால் ஆட்கள் உள்ளே வரலாம், இரண்டாம் மணிக்கு விளக்கு அணையும், மூன்றாம் மணிக்குத் திரை தூக்குவார்கள். பட்டும் சரிகையுமாகப் பதினாறு பெண்கள் வரிசையில் வந்து ஆடுவார்கள். இப்போது அந்த இடத்தில் ஐந்து மாடிக் கார் நிறுத்தம். அந்தக் காலத்துப் பகட்டையெல்லாம் ஒரு பாட்டிலில் அடைத்துவிட்டதாக மாப்பிள்ளை சார் சொன்னார். வெளிநாட்டிலிருந்து ஒருவரை வரவழைத்துக் கலவை செய்தார்கள். பெட்டியில் அந்த அரங்கத்து நடனக்காரிகளின் கறுப்பு வெள்ளைப் படம், அதன் மேல் ஓரமாகப் பாட்டிலின் படம், கீழே தங்க எழுத்தில் ஒரு வாசகம்: 'அந்த மேடையின் அசல் வாசனை'.

பெட்டியில் ஒட்டும் அந்த லேபிள் முன்கூட்டியே அச்சாகி வந்துவிட்டது, ஆறாயிரம். அச்சு கலங்கியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றை எடுத்துப் பார்ப்பது என் வேலை. பார்த்தேன். முன் வரிசையில் எட்டுப் பெண்கள், பின் வரிசையில் ஏழு. பதினைந்து பேரும் கையை மேலே தூக்கியிருக்கிறார்கள். பின் வரிசையின் இடது ஓரத்தில் பாட்டில் நிற்கிறது. அந்தப் பாட்டிலின் விளிம்பைத் தாண்டி ஒரு மடங்கிய கை மட்டும் வெளியே தெரிகிறது. அதன் மடிப்பிலிருந்து முன்கை ஓரமாக, ஒரு விரல் நீளத்துக்கு, பளபளவென்று ஒரு கோடு.

அச்சுக் கோளாறு என்று நினைத்து இன்னொன்றை எடுத்தேன். அதிலும் கோடு. பத்து எடுத்தேன். பத்திலும் அதே இடத்தில் அதே கோடு. தலையைத் தூக்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்திருந்தார்.

லேபிளைத் திறப்பு வழியாக நீட்டினேன். பூதக்கண்ணாடியையும் நீட்டினேன். அக்கா ரொம்ப நேரம் பார்த்தார்.

"லேபிள் வேலையப் பாரு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மதியம் தானாகவே என் மேசைக்கு வந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பேசினார்.

"பத்தொம்பது வயசுல சேர்ந்தேன். ரெண்டு வருஷம் ஆடினேன். பின் வரிசை, இடது ஓரம். அந்தத் தழும்பு முடி சுருட்டுற இடுக்கி பட்டது."

"ஏன்க்கா இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லல?"

"எங்க அண்ணன்."

அக்காவின் அண்ணனை எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாசலில் டைம் ஆபீசில் உட்கார்ந்து வருகைச் சீட்டு குத்துபவர். ஓய்வு வயது தாண்டியும் நீட்டிப்பில் இருக்கிறார். ஒரு நிமிடம் தாமதமானால் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அன்றைக்கு முழுவதும் நமக்கு வேலை ஓடாது. அப்பா இல்லாத வீடு. தங்கை துணிக்கடையில் வேலை பார்க்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தவர், ஒருநாள் உண்மை தெரிந்து அரங்கத்துக்கே போய், எல்லோரும் பார்க்க அக்கா கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார். பிறகு இதே கம்பெனியில் சேர்த்துவிட்டிருக்கிறார். அங்கே ஆடியதாக உயிர் உள்ளவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பதுதான் நிபந்தனை. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அன்று முதல் இன்று வரை அண்ணன் வீட்டுப் பின்னறையில்தான் வாசம்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"நாளைக்குப் படிவம் வருது. அசல் வாசனைன்னு நான் கையெழுத்துப் போடணும்." டப்பாவைத் திறந்தார், மறுபடி மூடினார். "அசல் எதுன்னு இந்தக் கம்பெனியில எனக்கு மட்டும்தான் தெரியும். அதான் பாரு, வயித்தெரிச்சல்."

மறுநாள் காலை கூட்டம். மாப்பிள்ளை சார், பெட்டியை வடிவமைத்த பெண், அக்கா, லேபிளுக்காக நான். நாலே பேர். அக்கா கீற்றைத் தோய்த்து முகர்ந்தார். முழங்கைக்குப் போனார். மறுபடி முகர்ந்தார்.

"மேல ஆரஞ்சுத் தோலு. நடுவுல ரோஜா, கொஞ்சம் பவுடர். அடியில சந்தனம், துளி புகையிலை. நல்லா கட்டியிருக்காரு சார். குறை சொல்ல ஒண்ணும் இல்ல."

"அப்ப கையெழுத்துப் போடுங்கம்மா" என்று மாப்பிள்ளை சார் பேனாவைத் திறந்தே கொடுத்தார்.

"செண்டு நல்ல செண்டு. ஆனா அந்த ஹால் வாசனை இது இல்ல."

"அம்மா, அந்த ஹாலை இடிச்சு முப்பது வருஷம் ஆச்சு. அது எப்படி இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அங்க ஆடினவ நான்."

சொல்லியே விட்டார். குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. வடிவமைத்த பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எங்கம்மா இருக்கீங்க இதுல?"

"உன் பாட்டிலுக்குப் பின்னால."

அவளுக்குச் சட்டென்று ஏதோ நினைவு வந்துவிட்டது. கணினியைத் திருப்பிப் பாட்டிலை எடுத்துவிட்ட முழுப் படத்தைக் காட்டினாள். "இந்த ஓரத்துல ஒருத்தர் மட்டும் வரிசையைக் கெடுத்துட்டு இருந்தாங்க. அதனாலதான் பாட்டிலை அங்க வெச்சேன்."

பதினைந்து கைகள் மேலே. பதினாறாவது பெண் மட்டும் கையைத் தூக்கவில்லை. சரிகை உடுப்பும் தலையில் இறகுமாக, இடது கையை மடக்கி, முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து நிற்கிறாள். பதினேழு வருடமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் தினமும் பார்க்கும் அதே அக்கா.

"அந்தப் படத்துக்காக டான்ஸ் மாஸ்டர்கிட்ட வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு" என்றார் அக்கா. "சார், நீங்களே பாருங்க. அந்த ஹால் வாசனை இவ்வளவு நல்லா இருந்திருந்தா நான் எதுக்குக் கைக்குள்ள மூக்க வெச்சுக்கிட்டு நிக்கிறேன்?"

அக்கா கீற்றை மேசையில் வைத்துவிட்டு மேலே சொன்னார்.

"பதினாறு பேருக்கு ஒரே ரூம். ஜன்னல் கிடையாது. உடுப்பைத் துவைச்சா சரிகை போயிடும்னு துவைக்கவே மாட்டாங்க. முந்தின நாள் வேர்வையோட அப்படியே மாட்டிக்கணும். இடுக்கி சூடு பண்ண மண்ணெண்ணெய் அடுப்பு. கருகின முடி. கால் வலிக்குத் தைலம். தாகம் எடுத்தா தண்ணி குடிக்க விடமாட்டாங்க, எலுமிச்சைத் தோலைக் கடிச்சுக்குவோம். மேடைக்கு வந்தா பலகைக்கு அடியில செத்த எலி. அதுக்கு மேல பூராவும் பவுடர். ஒரு பாட்டு முடிஞ்சு இன்னொரு பாட்டு ஆரம்பிக்கிறதுக்குள்ள நான் இந்தக் கைக்குள்ள மூச்சு வாங்கிக்குவேன். இல்லன்னா மேடையிலயே விழுந்திருப்பேன். இந்தப் பழக்கமே அங்க வந்ததுதான். அதை வெச்சுத்தான் இங்க இத்தனை வருஷம் பொழைச்சேன்."

"அய்யோ பாவம்" என்றாள் அந்தப் பெண்.

"பாவம் கீவம் எல்லாம் வேணாம். மூணாவது மணி அடிச்சுத் திரை மேல ஏறும் பாரு, அந்தச் சந்தோஷம் அதுக்கப்புறம் ஒரு நாளும் வரல. நாத்தமா இருந்தாலும் அது எங்க நாத்தம். அதைத் துடைச்சுப் போட்டுட்டு ரோஜாவை ஊத்தி, இதான் அசல்னு என்கிட்டயே நீட்டுனா?"

வேறு ஆளாக இருந்தால் இந்த இடத்தில் தலையைக் குனிந்திருப்பார். மாப்பிள்ளை சார் எழுந்து கையைத் தட்டினார்.

"பிரமாதம்மா! இந்த மாதிரி ஒரு ஆள் நம்ம கம்பெனியிலேயே இருக்கீங்களா! வெளியீட்டு விழாவுல நீங்கதான் மேடையில. படத்துல பாட்டிலை எடுத்துடலாம். உங்களை முன் வரிசைக்கு நடுவுல கொண்டுவந்துடலாம். கையையும் கணினியில மேல தூக்கி விட்டுடலாம். நீங்க ஒரே ஒரு வார்த்தை, 'இதுதான் அந்த வாசனை'ன்னு சொல்லுங்க போதும்."

"கையை மேல தூக்கிடுவீங்களா?"

"அஞ்சு நிமிஷ வேலைம்மா."

"அப்ப அது யார் சார்?"

மாப்பிள்ளை சாரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. பேனாவை மூடினார். "நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் படிவம் வேணும். உங்களுக்கும் வயசாகுது. மூக்கு முன்ன மாதிரி இல்லைன்னு ஒரு டாக்டர் எழுதிக் குடுத்தா நான் என்ன பண்ண முடியும்? நல்லா யோசிங்க" என்றார்.

கம்பெனியில் செண்டை விட வேகமாகப் பரவுவது வம்புதான். சாயங்காலச் சங்கு ஊதுவதற்குள் விஷயம் டைம் ஆபீசுக்குப் போய்விட்டது. வேலை விட்டு எல்லோரும் வரிசையாக வெளியே போகும் நேரம். அண்ணன் ஜன்னலை விட்டு வெளியே வந்து அக்காவை ஓரமாக நிறுத்தினார். நான் பின்னாலேயே நின்றேன். போகச் சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

"படத்துல மூஞ்சி தெரியலையாமே" என்றார் அவர் அடிக்குரலில். "அப்புறம் என்ன? தெரியாம சொல்லிட்டேன், அது நான் இல்லன்னு சொல்லிட்டு, அவங்க கேக்கற கையெழுத்தைப் போட்டுட்டு வா. அதோட முடிஞ்சுது."

"மூஞ்சி தெரியலன்னா நான் இல்லாம போயிடுவேனா?"

"மெதுவாப் பேசு."

"மெதுவாப் பேசித்தான் இப்படி ஆச்சு." அக்கா மெதுவாகப் பேசவில்லை. வரிசை நின்றுவிட்டது. "அண்ணே, நான் திருடல. யார் குடியையும் கெடுக்கல. ஆடினேன், சம்பளம் வாங்கினேன். அந்தச் சம்பளத்துலதான் நீ டைப்பிங் படிச்ச. நீ உக்கார்ந்திருக்கிற நாற்காலியில என் காலு வலியும் இருக்கு."

"என் வீட்டுல இருந்துக்கிட்டு…"

"அதையும் சொல்லிடு. எல்லாரும் கேக்கட்டும்."

அவர் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் முகத்தில் எழுதியிருந்தது. உள்ளே போய், ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த வருகைச் சீட்டுகளை மறுபடி எடுத்து அடுக்க ஆரம்பித்தார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ என்னவோ, வரவில்லை.

"என் வீட்டுக்கு வந்துடுங்கக்கா" என்றேன் தெருவில் நடக்கும்போது.

"உன் வீட்டுல பேச்சு ஜாஸ்தி" என்றார். சிரித்த மாதிரியும் இருந்தது, அழுத மாதிரியும் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இல்லை. தற்காலிகமாக என்று சொல்லி லேபிள் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதமாகத் தற்காலிகம் நடக்கிறது. குடியிருப்பது ஒரு இஸ்திரிக் கடை மாடியில், ஒற்றை அறை. கீழேயிருந்து சூடான துணி வாசம் ஏறி வருகிறதாம், பழக்கமான வாசம் என்கிறார். டைம் ஆபீஸ் ஜன்னலில் தினமும் தன் சீட்டைத் தானே எடுத்துக் குத்திக்கொள்கிறார். அண்ணன் நிமிர்வதில்லை. அக்காவும் தலையைக் குனிவதில்லை.

'மூன்றாம் மணி' வெளியே வந்தது. விற்கவும் செய்கிறது. ஆனால் அந்த ஆறாயிரம் லேபிளிலும் 'அசல்' என்ற வாசகத்தின் மேல் வெள்ளைச் சீட்டு ஒட்டித்தான் அனுப்ப வேண்டியிருந்தது. விதி விதிதான், படுக்கையில் இருந்தாலும் பெரிய முதலாளி இன்னும் கண்ணை மூடவில்லை. ஒட்டியது யார் என்கிறீர்கள்? அக்காவும் நானும்தான். பதினோரு நாள் ஒட்டினோம். மாப்பிள்ளை சார் அந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் அக்கா சீட்டை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பார். நான் இந்தப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன்.

எல்லாவற்றுக்கும் காரணமான படிவம், அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் காலை ஒன்பது ஐம்பதுக்கு என் மேசைக்கு வந்தது. கண்ணாடித் திறப்பு வழியாக அக்காவே நகலை நீட்டினார். சட்டைக் கை சுருட்டியபடி இருந்தது. "படிச்சுப் பாத்துட்டு ஒட்டு" என்று சொல்லிவிட்டுக் குவளையிலிருந்த காகிதக் கீற்றுகளை எண்ணிப் பார்க்க ஆரம்பித்தார். அந்த அறையில் அவருடைய கடைசி நாள் அது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நிறம்: சரி. தெளிவு: சரி. வாசனை, மாதிரியோடு பொருத்தம்: சரி. பெட்டி வாசகம் உண்மையா என்ற கட்டத்தில் கொட்டை எழுத்தில் 'இல்லை'. கீழே கையெழுத்து, மூக்கக்கா என்று இல்லாமல் சம்பளச் சீட்டில் இருக்கும் முழுப் பெயரோடு. அதற்கும் கீழே, 'பதவி' என்று அச்சடித்த கோட்டில், முப்பத்தைந்து வருடமாக அவர் 'வாசனைப் பரிசோதகர்' என்று எழுதி வந்த இடத்தில், நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தார்: 'நடனக்காரி, பின் வரிசை, இடது ஓரம்.'